கோடை முகாமுக்கு யார் போகிறார்கள்?

(திருவண்ணாமலையில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி நடந்த மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று தோழர்கள் போனில் கேட்டபோது, "என்.சி.சி கோடை முகாம்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒரு தம்பி தயங்கித் தயங்கி, "அண்ணா, இது அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம்ணா" என்றார். அவர் சங்கடம் எனக்குப் புரிந்தது. காக்கிச் சட்டை, லெஃப்ட் ரைட், தேசபக்திப் பாட்டு. இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்.

சம்பந்தம் இருக்கிறது. நாம் யாருடைய பிறந்தநாளுக்குக் கூடியிருக்கிறோமோ அவர் பிறந்ததே ஒரு ராணுவக் குடியிருப்பில்தான். 1891 ஏப்ரல் 14, மாவ் கண்டோன்மெண்ட். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார் மேஜர், ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடம் சேரிப் பிள்ளைகளை வாசலில் நிறுத்திய காலத்தில், சிப்பாய்க்கும் சிப்பாயின் பிள்ளைகளுக்கும் ராணுவத்தில் படிப்பு கட்டாயமாக இருந்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எழுத்தைத் தொட்டது இந்த வழியாகத்தான் என்று அம்பேத்கரே எழுதியிருக்கிறார்.

அந்த வழியை 1892 வாக்கில் அடைத்தார்கள். மகர்களை இனி படையில் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 'போர்க்குலம்' என்றொரு கோட்பாடு அப்போது வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பிடித்துப் போயிருந்தது. சில சாதிகள் பிறவியிலேயே சண்டைக்காரர்கள், மற்றவர்கள் லாயக்கில்லை என்பது அதன் சாரம். மனு எழுதாமலே மனுதர்மத்தை எழுதியவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். ஓய்வுபெற்ற சிப்பாயான கோபால் பாபா வலங்கர் இதை எதிர்த்து 1894இல் மனு எழுதினார். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் மகர்களைக் கூப்பிட்டுப் படை கட்டினார்கள். போர் முடிந்ததும் கலைத்தார்கள். மறுபடி 1941இல்தான் மகர் ரெஜிமெண்ட் வந்தது. அந்த வருடம் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அம்பேத்கர் இருந்தார்.

நம் பக்கத்துக் கதையும் ஏறக்குறைய இதேதான். பழைய சென்னைப் படையில் பறையர்கள் ஏராளமாக இருந்தார்கள். பாலம் கட்டுகிற, சுரங்கம் வெட்டுகிற சாப்பர்ஸ் பிரிவில் குறிப்பாக. அந்தப் பிரிவு வீரர்களுக்கு 'தம்பி' என்றே இன்றைக்கும் செல்லப்பெயர். லார்டு ராபர்ட்ஸ் என்றொருவர் சென்னைப் படைக்கே தளபதியாக இருந்துவிட்டு, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானார். தெற்கத்தி ஆள் போருக்கு ஆகமாட்டான் என்ற எண்ணத்தை அரசுக் கொள்கையாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் படைப் பிரிவுகள் பல கலைக்கப்பட்டன, சிலவற்றில் பஞ்சாபிகளை நிரப்பினார்கள்.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ராம்ஜி சக்பாலின் பதவியை இன்னொரு தடவை பாருங்கள். சுபேதார் மேஜர். அன்றைக்கு ஒரு இந்தியன் போகக்கூடிய உச்சம் அது. அவ்வளவு வருடம் உழைத்து அங்கே வந்தவருக்கு, நேற்று கப்பலில் வந்திறங்கிய மீசை முளைக்காத வெள்ளைக்கார லெப்டினன்ட்டும் மேலதிகாரி. படைக்கு நடுவே ஒரு கோடு இருந்தது. கீழே சிப்பாய், மேலே ஆபீசர். வெள்ளைக்காரன் போய்விட்டான். கோடு போகவில்லை. நான் இன்றைக்குப் பேச வந்தது அந்தக் கோட்டைப் பற்றியும், அதைத் தாண்டுகிற ஒரு சின்ன வாசலைப் பற்றியும்தான். அந்த வாசலின் சாவி நம் கல்லூரியிலேயே தொங்குகிறது. பெரும்பாலான நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

மிலிட்டரி என்பது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வேலூர் போகிற வழியில் கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது, ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் காலனியிலும் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுகிற பையன்களை எண்ண முடியாது. ஓடுகிற எல்லாருமே ஜவான் வேலைக்குத்தான் ஓடுகிறார்கள். 2022இல் அக்னிபாத் வந்த பிறகு அதுவும் நாலு வருட வேலை. முதல் வருடம் மாதச் சம்பளம் 30,000, கையில் வருவது 21,000. நாலு வருடம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேரைத்தான் அதிகபட்சமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்கு வரவேண்டும். ஓடுகிற பையனிடம், "ஆபீசர் ஆவதற்கு ஏன் முயற்சி பண்ணலை?" என்று கேட்டால் சிரிக்கிறான். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைக்கிறான்.

அவன் பி.ஏ. வரலாறு படிக்கிறான், என்.சி.சியில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்.சி.சி ஸ்பெஷல் என்ட்ரி என்று ஒரு திட்டம் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. யு.பி.எஸ்.சி நடத்துகிற எழுத்துத் தேர்வு அதற்குக் கிடையாது. எந்தப் பட்டப்படிப்பாக இருந்தாலும் 50 சதவீத மதிப்பெண், 19 முதல் 25 வயது, திருமணமாகாதவர், என்.சி.சி சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடு. இவ்வளவு இருந்தால் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்களைச் சலித்து நேரடியாக எஸ்.எஸ்.பி நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். தேறினால் பரங்கிமலை ஓ.டி.ஏவில் பயிற்சி. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 உதவித்தொகை. வெளியே வரும்போது லெப்டினன்ட். இடம் குறைவுதான். ஒரு தடவைக்கு ஆண்களுக்கு சுமார் 70, பெண்களுக்கு பத்துக்கும் கீழே, நாடு முழுக்கச் சேர்த்து. அதனால் எல்லாரும் ஆபீசர் ஆகிவிடலாம் என்று நான் கதை அளக்கவில்லை. ஆனால் விண்ணப்பிக்கிற தகுதிகூட நமக்கு ஏன் வாய்ப்பதில்லை என்பது கேள்வி.

சி சான்றிதழ் வாங்க மூன்று வருடம் பரேடுக்கு ஒழுங்காகப் போகவேண்டும், பி சான்றிதழ் எழுதியிருக்க வேண்டும், இரண்டு முகாம் முடித்திருக்க வேண்டும். ஆண்டுப் பயிற்சி முகாம் என்பது பத்து நாள். டிரில், மேப் ரீடிங், ஆயுதப் பயிற்சி, பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் சுடுவது, தடை தாண்டுவது, ராத்திரி காவல். இதில் நன்றாகச் செய்பவர்களுக்கு அடுத்த படிகள் உண்டு. ராணுவ யூனிட்டோடு தங்கிப் பயிற்சி, பெண்களுக்கு ராணுவ மருத்துவமனையில் பயிற்சி, டேராடூன் அகாதமிக்கும் பரங்கிமலைக்கும் போய் இருந்து பார்க்கிற வாய்ப்பு. டில்லி குடியரசு தின அணிவகுப்பு எல்லாருக்கும் தெரியும். மற்றவை ஏ.என்.ஓ சொன்னால்தான் தெரியும். ஏ.என்.ஓ என்பவர் கல்லூரியில் என்.சி.சியைக் கவனிக்கிற பேராசிரியர்.

இந்த முகாம்கள் எப்போது நடக்கின்றன? பெரும்பாலும் கோடை விடுமுறையில். கல்லூரிப் பாடம் கெடக்கூடாது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். யாருக்கு விடுமுறை என்று அவர்கள் யோசிக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்குக் கோடை என்றால் என்ன என்று இங்கே இருக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செமஸ்டர் முடிந்த மறுநாள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கு. சித்ரா பௌர்ணமிக்கு இந்த ஊரில் கூடுகிற கூட்டத்துக்கு ஓட்டலில் இலை எடுக்கவும், கிரிவலப் பாதையில் பதினாலு கிலோமீட்டரிலும் கடை போடவும் ஆள் வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதியைக் கோடையில் பூட்டிவிடுவார்கள், பையன் ஊருக்குப் போய்விடுவான். முகாம் அறிவிப்பு வந்து பெயர் கேட்கும்போது அவன் செங்கல் சூளையிலோ சாரத்தின் மேலோ இருப்பான். ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்றால் பத்து நாளைக்கு 5,000. அது அவனுக்கு அடுத்த வருடப் பஸ் செலவும், தங்கச்சிக்கு நோட்டுப் புத்தகமும். முகாமுக்குப் போ, எதிர்காலம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் அந்த 5,000 ரூபாயை அவர்கள் தருவதில்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் அப்படி ஒரு முகாமைத் தவறவிட்டவன். தொண்ணூறுகளின் பின்பாதி. முதல் முகாமுக்குப் போனேன். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர். யார் எங்கே படுப்பது என்பதை எண் வரிசைப்படி எழுதி ஒட்டியிருந்தார்கள். என் ஆயுளில் அதுதான் முதல் தடவை, ஊர்த்தெருப் பையன்களோடு ஒரே வரிசையில் படுத்தது. முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. பக்கத்துப் படுக்கைக்காரன் என் எவர்சில்வர் டம்ளரில்தான் டீ குடித்தான், அவனுடையது தொலைந்துபோயிருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி அந்தக் கேள்வி வந்தது. "நீ அந்த ஊர்ல எந்தத் தெரு?" சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் டீக்கு வேறொருவனிடம் டம்ளர் வாங்கிக்கொண்டான். அன்று ராத்திரி படுக்கையைச் சுருட்டிக்கொண்டு எதிர் மூலைக்குப் போனான்.

எங்களுக்குப் பயிற்சி தந்தவர் வடக்கிலிருந்து வந்த ஹவில்தார். தமிழ் தெரியாது. விளக்கை அடித்துப் பார்த்தவர், ஓர் ஆள் இடம் மாறிப் படுத்திருப்பதைக் கண்டு கத்தின கத்தலில் பக்கத்துக் கூடாரமும் எழுந்துவிட்டது. அவனைப் படுக்கையோடு என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார். மிச்சம் ஏழு ராத்திரியும் அவன் என் பக்கத்தில்தான் தூங்கினான். அந்தக் கத்தலில் சமூகநீதி எதுவும் கிடையாது, தோழர்களே. வரிசை கலைந்தது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் எனக்காக ஓர் அதிகாரம் போட்ட முதல் சத்தம் என்று அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பையன் முகாம் முடிகிறவரை என்னோடு பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கோடையில் இரண்டாவது முகாம். நைனாவுக்கு உடம்பு சரியில்லை. பெங்களூரில் சித்தாள் வேலைக்கு அம்மாவோடு நானும் போனேன். முகாம் முடிந்த பிறகுதான் சேதியே தெரிந்தது. மூன்றாம் வருடம் கேட்டதற்கு, பட்டியலில் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். பி சான்றிதழோடு நின்றேன். போலீஸ் வேலைக்கு அது கொஞ்சம் உதவும் என்றார்கள். எனக்கு அதுவும் உதவவில்லை. பத்து நாளில் என் வாழ்க்கை மாறியிருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். எஸ்.எஸ்.பியில் முதல் நாளே திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் திருப்பி அனுப்புகிற வாசல் வரைக்கும்கூட என்னால் போக முடியவில்லை.

எஸ்.எஸ்.பி என்பது ஐந்து நாள். நமக்குப் பக்கம் பெங்களூர் மையம். உளவியல் சோதனை, குழுவாகச் செய்கிற வேலைகள், நேர்காணல். அதில் ஒரு சோதனையில் அறுபது சொற்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுவார்கள். ஒரு சொல்லுக்குப் பதினைந்து நொடி. அதற்குள் மனதில் தோன்றுவதை ஒரு வாக்கியமாக எழுதவேண்டும். தமிழில் எழுத வழியில்லை. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் மாற்றி எழுதுவதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். அவர்கள் அளக்க நினைப்பது மனதின் வேகத்தை. நம் பிள்ளைகளிடம் அளக்கப்படுவது மொழிபெயர்ப்பின் வேகம். அப்புறம் ஒரு தகவல் படிவம் தருவார்கள். ஊர், மதம், எஸ்.சியா எஸ்.டியா ஓ.பி.சியா, அப்பா அம்மாவின் படிப்பு, தொழில், மாத வருமானம் எல்லாம் அதில் எழுதவேண்டும். அதை வைத்துக்கொண்டுதான் எதிரே இருக்கிற அதிகாரி நேர்காணலைத் தொடங்குவார். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் 'அதிகாரிக்குரிய பண்பு' எப்படி இருக்கும் என்று அவர் மனதில் இருக்கிற படத்தில், வட ஆர்க்காட்டுத் தமிழ் பேசுகிற கூலிக்காரர் மகள் இருக்கிறாளா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சந்தேகத்தைத் தீர்க்க வழி இருக்கிறதா? பாதுகாப்பு அமைச்சகத்தின் சிவிலியன் வேலைகளில் இட ஒதுக்கீடு உண்டு. சீருடைப் பணிகளில் கிடையாது. இட ஒதுக்கீடு இல்லாததால் ரோஸ்டர் இல்லை, நிரப்பாத பின்னடைவுப் பணியிடம் என்ற கணக்கும் இல்லை. ராணுவத்தில் சாதி பார்ப்பதில்லை என்பார்கள். ராஜ்புத் ரெஜிமெண்ட், ஜாட் ரெஜிமெண்ட், டோக்ரா ரெஜிமெண்ட் என்று பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்துவிட்டு இதைச் சொல்வார்கள். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜ்புத், ஜாட், ஜாட் சீக்கியர் என்று மூன்றே சமூகங்களிலிருந்து ஆள் எடுப்பது நீதிமன்றம் வரை போன விவகாரம். 1943இல் தொடங்கி 1946இல் கலைத்த சமார் ரெஜிமெண்டை மீண்டும் கொண்டுவா என்று வடக்கில் கேட்கிறார்கள். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. என் கேள்வி வேறு. எத்தனை ரெஜிமெண்ட் வந்தாலும் அதில் நம் ஆள் ஜவானாக மட்டுமே நிற்பான் என்றால் ராம்ஜி சக்பால் காலத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

அதிகாரி யார் என்கிற கேள்வி நம் இயக்கத்தின் மிகப் பழைய கேள்வி. ஐ.சி.எஸ் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி அதை எதிர்த்து மனு அனுப்பினார். இங்கே நடத்தினால் யார் வந்து நாற்காலியில் உட்காருவார்கள், அவர்கள் நம்மை எப்படி ஆள்வார்கள் என்பது அவர் பயம். அவர் எடுத்த நிலையோடு இன்றைக்கு நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை. அவர் எதைப் பார்த்துப் பயந்தார் என்பதைப் பார்க்கவேண்டும்.

இனி அந்தப் போன் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ராணுவம் அரசின் கருவி, அதில் நம் பிள்ளைகளை ஏன் சேர்க்கவேண்டும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் ராணுவ ரசிகன் இல்லை. எல்லையில் செத்தவன் உடல் தேசியக்கொடி போர்த்தி ஊருக்கு வரும்போது, அது எந்தச் சுடுகாட்டுக்குப் போகும் என்று யோசிக்கிற நாட்டில் நாம் இருக்கிறோம். யாரையும் கையைப் பிடித்து முகாமுக்கு இழுக்க நான் வரவில்லை. வேண்டாம் என்று முடிவெடுப்பது அவரவர் உரிமை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? ஏரிக்கரையில் ஓடுகிற பையனிடம் போய் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவன் ஜவானாகப் போவது நமக்குப் பழகிவிட்டது. ஆபீசர் என்றதும்தான் நமக்குக் கொள்கை ஞாபகம் வருகிறது.

பதவி வந்தால் சாதி போய்விடும் என்றும் நான் சொல்லவில்லை. அம்பேத்கர் 1913இல் கொஞ்ச நாள் பரோடா சமஸ்தானப் படையில் லெப்டினன்ட். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் திரும்பிப் போனபோது மகாராஜாவுக்கு ராணுவச் செயலாளர். அந்த அலுவலகத்தில் பியூன்கள் அவர் மேசைமேல் கோப்புகளைத் தூரத்தில் நின்று வீசினார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். ராணுவச் செயலாளர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அப்படி அழுதவர்தான் 1941இல் பாதுகாப்புக் குழுவுக்குள் போனார்.

இங்கே நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதல் தடவையாகப் போனது 2023 ஜனவரி 30. கலெக்டரும் எஸ்.பியும் கூட நடந்து, சுற்றிலும் போலீஸ் நின்று நடந்தது அது. கோயில் உங்களுக்கு முக்கியமில்லாமல் இருக்கலாம், எனக்கும் இல்லை. அன்றைக்கு அந்தக் கதவைத் திறக்க யூனிஃபார்ம் போட்ட ஓர் அதிகாரி உத்தரவு போடவேண்டியிருந்தது என்பதை மட்டும் பாருங்கள். தீபத்தன்று இந்த ஊரில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த என்.சி.சி பிள்ளைகள் கயிறு பிடித்து நிற்பார்கள். ஒரு வருடம் என் மாலைப் பாடசாலைப் பையன் ஒருவன் நின்றான். அவனுடைய சொந்த ஊர்க்காரர்கள், ஊர்த்தெருக்காரர்கள், அவன் "நில்லுங்க" என்றதும் நின்றார்கள். வந்து சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தான்.

நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது என்ற பரிந்துரையைத்தான் எல்லாரும் விவாதித்தார்கள். அதே அறிக்கையில் 'சமூகநீதி மாணவர் படை' என்றொரு யோசனை இருக்கிறது. எல்லாச் சாதி மாணவர்களும் சேர்ந்து, தனிச் சீருடையோடும் பயிற்சியோடும். அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. பேசவேண்டும். ஒரே வரிசை, ஒரே உடை, ஒரே பாத்திரம் என்பதன் பலத்தை நம்மைவிட மற்றவர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். காலையில் ஷாகா நடத்துகிறவர்களுக்கு அது தெரியும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அவர்களுக்குக் கூலி மட்டும் தடையில்லை, பயமும் தடை. 2024 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டம் கிருஷ்ணகிரியில், பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி முகாம் என்ற பெயரில் நடந்த போலி முகாமில் மாணவிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அதற்கும் என்.சி.சிக்கும் சம்பந்தம் இல்லை என்று என்.சி.சி அறிவித்தது. ஆனால் நம் வீட்டு அம்மாக்களுக்கு உண்மை முகாம் எது, போலி முகாம் எது என்று எப்படித் தெரியும்? ஆகவே இதை ஊரில் போய்ச் சொல்லுங்கள். உண்மை முகாமுக்குக் கல்லூரி ஏ.என்.ஓ வழியாகத்தான் பெயர் போகும். பட்டாலியனிலிருந்து எழுத்தில் உத்தரவு வரும். மாணவிகளோடு பெண் அலுவலரும் பெண் பயிற்சியாளரும் இருப்பார்கள். கேடட்டின் சாப்பாடும் தங்குமிடமும் என்.சி.சியின் பொறுப்பு. தனியாள் யாராவது வந்து பணம் கட்டு, முகாமுக்கு வா என்றால் போகாதீர்கள்.

என் பாடசாலைக்கு வருகிற ஒரு பெண், இரண்டாம் வருடம் படிக்கிறாள், மே மாத முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். அவள் அம்மா மாதக்கணக்கில் மறுத்துக்கொண்டிருந்தார். போன வாரம் நானும் இரண்டு பெண் தோழர்களும் போய்ப் பேசினோம். கிருஷ்ணகிரி சேதி அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார். யார் கூடப் போவார்கள், ராத்திரி யார் காவல், போனில் பேச விடுவார்களா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். கடைசியில், "சரிண்ணா, பத்து நாள் கூலி?" என்றார். மகள் அவரோடு நெல் நடவுக்குப் போகிறவள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. வெளியே வந்து மூன்று பேரும் பைக் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றோம்.

அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் போகிறோம். கோடையில் விடுதியைத் திறந்து வை. முகாம் அறிவிப்பை விடுதிப் பலகையில் தமிழில் ஒட்டு. முகாமுக்குப் போகிற பட்டியலின மாணவர்களுக்கு அந்த நாட்களுக்கான கூலியை உதவித்தொகையாகக் கொடு. எஸ்.எஸ்.பிக்கான ஆங்கிலப் பயிற்சியை இந்த ஊரிலேயே நடத்து. ஒவ்வொரு கல்லூரியும் என்.சி.சியில் எத்தனை பட்டியலின மாணவர்களைச் சேர்த்தது, எத்தனை பேர் சி சான்றிதழ் வாங்கினார்கள் என்று வருடாவருடம் வெளியிடு. மனு தயாராக இருக்கிறது, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிறோம். வரமுடிந்தவர்கள் பத்து மணிக்கு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வாருங்கள்.

ஆனால் மே மாதம் மனுவுக்காகக் காத்திருக்காது. இந்தக் கோடையில் நம் தெரிந்த வட்டத்திலிருந்து ஒன்பது பேர் முகாமுக்குப் போகத் தயாராக இருக்கிறார்கள், நாலு பெண்கள், ஐந்து பையன்கள். ஒன்பது பேருக்கும் பத்து நாள் கூலி, ஆளுக்கொரு கொசுவலை, இரண்டு பேருக்கு கேன்வாஸ் ஷூ. ஆங்கிலம் தெரிந்த தோழர்கள் ஜூன் மாதத்திலிருந்து வாரம் இரண்டு மாலை வந்து அவர்களோடு பேசினால் போதும், இலக்கணம் நடத்த வேண்டாம். பின்வரிசையில் நீலச் சட்டை போட்ட தோழர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பணம் தருகிறவர்கள் ஒரு பக்கமும், மாலைகளைத் தருகிறவர்கள் இன்னொரு பக்கமும் பெயர் எழுதுங்கள். அந்தப் போன் தம்பி இரண்டு பக்கத்திலும் எழுதிவிட்டார் என்று இப்போதுதான் சொன்னார்கள்.